சுனி கோஸ்வாமி: பார்க்காத ஆட்டக்காரருக்காக அழ முடியுமா?

30 ஏப்ரல் 2020, இரவு 8.10 (ஒரு வாசகர் கேட்டது)

பழைய கால்பந்து வீரர் சுனி கோஸ்வாமி இறந்துவிட்டார் என்று இங்கே நாலு பேர் அழுதுகொண்டிருக்கிறீர்கள். உங்களில் ஒருவராவது அவர் ஆடிப் பார்த்ததுண்டா? நான் தேடிப் பார்த்தேன், ஒழுங்காக ஒரு காணொளிகூடக் கிடைக்கவில்லை. பார்க்காத ஆட்டத்துக்கு எப்படி ஐயா அழுவது? இது சும்மா பழம்பெருமை.

30 ஏப்ரல் 2020, இரவு 9.25

நானும் பார்த்ததில்லை. அவர் 1968இல் பூட்ஸைக் கழற்றினார், அப்போது எனக்கு இரண்டு வயது. ஆனால் இன்று சாயங்காலம் செய்தி வந்ததும் பால்கனியில் போய் நின்றுகொண்டேன். மனைவி வந்து "யாருக்கு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். "உங்க அப்பாவோட மாணிக்கமா?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

சுனி என்றால் வங்காளத்தில் மாணிக்கக் கல். அது வீட்டுப் பெயர். முழுப் பெயர் சுபிமல் கோஸ்வாமி. எங்கள் வீட்டில் அவரை யாரும் சுனி என்று சொன்னதில்லை, மாணிக்கம்தான். ஏழெட்டு வயது வரை அவர் எங்களுக்கு ஏதோ சொந்தம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியபோது கேப்டன் அவர். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் வெற்றி கோல் அடித்ததும் அவர்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

30 ஏப்ரல் 2020, இரவு 11.40

தொலைக்காட்சியைப் போட்டுப் பார்த்தேன். நேற்று இர்ஃபான் கான், இன்று காலை ரிஷி கபூர். எல்லா சேனலிலும் அவர்கள்தான். தப்பில்லை, அவர்களும் நிறைய பேரின் மாணிக்கங்கள். ஆனால் கீழே ஓடும் எழுத்தில்கூட சுனி இரண்டு தடவைதான் ஓடினார். ஒரு தடவை "முன்னாள் கிரிக்கெட் வீரர்" என்று போட்டார்கள்.

அது பொய்யும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வங்காளத்துக்காக ரஞ்சி ஆடினார், 1971-72இல் அணியை இறுதி ஆட்டம் வரை கேப்டனாகக் கொண்டுபோனார், பம்பாயிடம் தோற்றார்கள். 1966இல் இந்தூரில் மேற்கிந்தியத் தீவுகள் அணி, மத்திய-கிழக்கு மண்டலக் கூட்டணியிடம் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஆட்டத்தில் இவருக்கு 8 விக்கெட். ஒரு மனுஷனுக்கு இவ்வளவும் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

போன மாதம், 1962 அணியில் சுனியோடு ஆடிய பி.கே. பானர்ஜி போனதும் இப்படித்தான். மார்ச் 20. அன்று காலை திகார் சிறையில் நிர்பயா வழக்குக் குற்றவாளிகளைத் தூக்கிலிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை ஊரடங்கு என்று முந்தின நாள்தான் பிரதமர் அறிவித்திருந்தார். பி.கே.யைக் கவனிக்க யாருக்கு நேரம்? இந்தியக் கால்பந்து வீரர்கள் சாகிற நாளைக்கூடச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

1 மே 2020, காலை 7.15

மேலே எழுதிய கடைசி வரி தூக்கக் கலக்கத்தில் எழுதியது. இருக்கட்டும், அழிக்கவில்லை.

1 மே 2020, பகல் 1.30

திருத்தம். பெரிய திருத்தம்.

1962 இறுதி ஆட்டத்தில் சுனி கோல் போடவில்லை. இந்தியா 2, தென் கொரியா 1. நம்முடைய இரண்டு கோலும் முதல் 20 நிமிடத்துக்குள் விழுந்தவை: ஒன்று பி.கே., ஒன்று ஜர்னைல் சிங். சுட்டிக்காட்டிய மூன்று பேருக்கும் நன்றி. நாலாவதாக வந்து நக்கலடித்தவருக்கும் நன்றி.

சுனி இரண்டு கோல் போட்டது அரையிறுதியில், தென் வியட்நாமுக்கு எதிராக. 3-2. அதை அடிக்காவிட்டால் இறுதி ஆட்டமே இல்லை, சரிதான். ஆனால் வெற்றி கோல் அவருடையது இல்லை.

ஐம்பது வருஷமாக இதைத் தப்பாகவே தெரிந்து வைத்திருக்கிறேன். அப்பா சொன்னது அப்படி. கல்கத்தா தர்மதலாவில் ஒரு கடை வாசலில் நூறு பேரோடு நின்று ரேடியோவில் கேட்டாராம். கடைசி நிமிஷமாம், மாணிக்கம் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு இடது காலால் தட்டினாராம். கடைக்காரர் எல்லோருக்கும் ரசகுல்லா கொடுத்தாராம். இடது கால் வரைக்கும் சொன்னவரை யார் சந்தேகப்படுவார்கள்?

2 மே 2020

அம்மாவிடம் கேட்டேன். 79 வயது, ஞாபகம் கத்தி.

"உங்கப்பா அப்போ கல்கத்தால எங்கடா இருந்தார்? சீனா சண்டை முடிஞ்ச அடுத்த வருஷம்தானே வேலை கிடைச்சுப் போனார். அறுபத்திரண்டுல கும்பகோணத்துல டைப்ரைட்டிங் படிச்சிண்டிருந்தார்."

ரசகுல்லா?

"அவருக்கு ரசகுல்லாவே பிடிக்காதே."

ஆக ரேடியோ இல்லை, தர்மதலா இல்லை, இடது கால் இல்லை. இவ்வளவு நம்பிக்கையோடு பொய் சொன்ன மனிதரின் பையன் கணக்குத் தணிக்கைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2 மே 2020, மாலை

இன்னொரு முறை யோசித்துப் பார்த்தேன். பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

1963இல் போய் இறங்கினார். லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் நிறைய, அங்கே ஒரு மாடி அறையில் நாலு பேர். ஆபீஸில் போய் உட்கார்ந்த முதல் வாரமே ஒருவர் கேட்டிருப்பார்: நீ மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா? ஊரின் இரண்டு எதிரெதிர் கால்பந்துக் கிளப்புகள் அவை. ரெண்டும் இல்லை என்றால் அந்த ஊரில் டீ கிடைக்காது. அந்த ஆபீஸில் எல்லோரும் போன வருஷத்து ஜகார்த்தாவைப் பற்றியே பேசியிருப்பார்கள். கேட்டுக் கேட்டு அவரும் அந்தக் கடை வாசலில் நின்றவர் ஆகிவிட்டார். புது ஊரில் ஒரு ஆள் சேர வேண்டுமென்றால் அந்த ஊரின் ஞாபகத்திலும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1963 முதல் 1968 வரை அப்பா பார்த்தது உண்மை, அதற்கு அம்மாவே சாட்சி. சுனியின் கிளப்பான மோகன் பகான் 1963, 64, 65 என்று மூன்று வருஷம் தொடர்ந்து டூரண்ட் கோப்பை வாங்கிய காலம். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து நேரே மைதானம். டிக்கெட் கிடைத்தால் மரப்பலகை கேலரி. கிடைக்காவிட்டால் வெளியே மண்மேட்டில் நின்று, அட்டையில் கண்ணாடித் துண்டு ஒட்டிச் செய்த பெரிஸ்கோப்பை வாடகைக்கு வாங்கிப் பார்ப்பது. மழைக்காலத்தில்தான் லீக் ஆட்டங்கள். வேட்டியோடு போய் வேட்டியில் பாதி கல்கத்தாவோடு திரும்பி வருவார் என்பாள் அம்மா. துவைத்தவள் அவள். அதனால் ஆட்டத்தைப் பற்றி அவளுக்கு வேறு கருத்து உண்டு.

3 மே 2020

"மோகன் பகான் என்றால் மேற்கு வங்கத்து மண்ணின் மைந்தர்கள், ஈஸ்ட் பெங்கால் என்றால் அகதிகளாக வந்தவர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மேலோட்டமாகச் சரி. ஆனால் சுனி பிறந்ததே இன்று பங்களாதேஷில் இருக்கும் கிஷோர்கஞ்சில். அந்தக் கணக்குப்படி அவர் எதிர்க் கிளப்பில்தான் இருந்திருக்க வேண்டும். எட்டு வயதில் மோகன் பகானின் சிறுவர் அணிக்குப் போனவர், கடைசி வரை வேறு கிளப்புக்கு மாறவே இல்லை. பி.கே.யோ ஆட்டக்காரராக இரண்டு பக்கமும் போகவில்லை, 1955 முதல் கடைசி வரை ஈஸ்டர்ன் ரயில்வேக்கே ஆடினார். அந்த ரயில்வே அணி 1958இல் கல்கத்தா லீக்கையே தூக்கியது. என் அப்பா கும்பகோணத்து ஆள், அவர் மோகன் பகான். இதில் மண் எங்கே வந்தது?

மீன் கதை மட்டும் நிஜம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் சந்தையில் ஹில்சா விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். எங்கள் வீட்டில் இரண்டும் கிடையாது. மோகன் பகான் ஜெயித்தால் அப்பா கத்திரிக்காய் வாங்கி வருவார்.

3 மே 2020, இரவு

டாட்டன்ஹாம் கதை கேட்டவருக்கு: லண்டனிலிருந்து அழைப்பு வந்ததாக சுனியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், போகவில்லை. மோகன் பகான் மேல் இருந்த பாசத்தால் லண்டனை உதறினார் என்று அப்பா சொல்லுவார். எனக்கென்னவோ அது அப்பாவின் ரசகுல்லா கோஷ்டிதான். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு ஆடப் போகிறேன் என்று எந்த வீட்டில் சொல்ல முடியும்? வீடு இங்கே, பேர் இங்கே, சாலையில் நடந்தால் கூட்டம் இங்கே. போகாததற்குத் தியாகம் தேவையில்லை.

9 மே 2020

ஊரடங்கு இல்லாவிட்டால் அந்த ஊர் எப்படி வழியனுப்பியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடலைக் கிளப் கூடாரத்துக்குக் கொண்டுவருவார்கள், பச்சை-மெரூன் கொடியைப் போர்த்துவார்கள், எதிர்க் கிளப்பிலிருந்தும் மாலையோடு வருவார்கள். கிழவர்கள் குடையோடு வரிசையில் நிற்பார்கள். அதில் ஒருவர் நிச்சயமாக, தான் ஜகார்த்தாவில் நேரில் இருந்ததாகப் பக்கத்து ஆளிடம் சொல்வார்.

16 ஆகஸ்ட் 2020

இழையை மறுபடி கிளப்புவதற்கு மன்னிக்கவும். இன்று தேதி அப்படி.

1980, இதே தேதி. ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். எனக்கு 14 வயது. அப்பா அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் இரவு எனக்குக் காய்ச்சல். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்கப் போடும் நாடகத்தையெல்லாம் தலைகீழாகப் போட்டேன்: காய்ச்சலே இல்லை என்று. அம்மா தெர்மாமீட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அப்பாவிடம் காட்டினாள். அவரும் போகவில்லை. நான் பகல் முழுக்க அவரோடு பேசவில்லை.

கேலரியில் கலவரம், நெரிசல். 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் ஆட்டம் பார்க்கப் போனவர்கள். அன்று இரவு லேக் மார்க்கெட்டில் கடைகள் சீக்கிரமே மூடின. மாடிப்படியில் கீழ் வீட்டுக்காரர், ஈஸ்ட் பெங்கால் ஆள், அப்பாவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க போகலையே, போகலையே" என்று வங்காளத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார். அவருடைய தம்பி போயிருந்தார். தம்பி பத்து மணிக்கு மேல் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நாளைக் கால்பந்து ரசிகர் தினம் என்று அங்கே ரத்த தானம் செய்து அனுசரிக்கிறார்கள். ஆட்டக்காரருக்காக ரசிகன் அழுவதைப் பற்றித்தான் இந்த இழை. ரசிகனுக்காக ஆட்டக்காரர்கள் அழுத நாளும் ஒன்று உண்டு என்பதற்காக எழுதினேன்.

26 நவம்பர் 2020

மரடோனா.

நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை, இது நான் பார்த்த ஆட்டம். 1986இல் பக்கத்து வீட்டுக் கறுப்பு-வெள்ளைப் பெட்டியில், சென்னையில். எந்த வண்ணமும் தெரியாமலேயே அந்தச் சட்டையின் நீலம் எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் எழுதுகிறீர்கள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். ஜகார்த்தா இறுதி ஆட்டத்தில் நம் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். காய்ச்சலில் படுத்திருந்து எழுந்து வந்தவர். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணியில் முதலில் முன்களத்தில் ஆடி, பிறகு கோல்கீப்பர் ஆனவர். ரெஜிமெண்ட் 1955இலும் 1958இலும் டூரண்ட் வாங்கியது அவர் காலத்தில்தான். அவர் பொகாரோவில் இறந்தது 2008 நவம்பர் 24. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் முதல் வாரத்தில் மரடோனா கொல்கத்தாவுக்கு வந்தார். நள்ளிரவு தாண்டியும் விமான நிலையத்தில் கூட்டம், சால்ட் லேக் ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. அன்று நான் சென்னையில் உட்கார்ந்து அதைத் தொலைக்காட்சியில் வாயைப் பிளந்து பார்த்தேன். தங்கராஜ் போன செய்தியே எனக்குத் தெரியாது. மற்ற யாரையும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

27 நவம்பர் 2020

அந்த 1962 அணியின் பட்டியலை முழுசாகப் படித்தேன். தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ். பெயரைப் படிக்கும்போதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடப் புத்தகம் எதிலாவது இவர்கள் இருக்கிறார்களா? என் பிள்ளைகள் படித்த புத்தகங்களில் இல்லை.

17 பிப்ரவரி 2023

பாலராமும் போய்விட்டார், நேற்று. 86 வயது. பி.கே., சுனி, பாலராம் என்று மூச்சு விடாமல் சேர்த்தே சொல்லும் மூன்று பெயர், மூன்று வருஷத்துக்குள் முடிந்தது.

துளசிதாஸ் பாலராம் செகந்தராபாத் பக்கம் அம்முகுடா ஆள். பயிற்சிக்கு ஊரிலிருந்து வந்துபோகக் காசில்லை என்று சொன்னதும் பயிற்சியாளர் ரஹீம் சைக்கிள் வாடகைக்குக் கையிலிருந்து பணம் கொடுத்தார் என்று பாலராமே சொல்லியிருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இவர் கோல் போட்டார், 2-1 என்று தோற்றோம். ஹங்கேரியிடம் 2-1! பிரான்ஸோடு 1-1, அந்த கோல் பி.கே. நுரையீரல் நோவால் 27 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர் பாலராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உத்தரபாராவில் கங்கைக் கரையோரம் தனியாக இருந்தார்.

அப்பாவுக்கு மூவரில் பாலராமைத்தான் பயம். "மாணிக்கம் அழகு. பி.கே. பலம். பாலராம் பந்து வருகிறதுக்கு முன்னாடியே அங்க நிப்பான்" என்பார். இது ரசகுல்லா இல்லை. 1963இல் பாலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டு பி.என்.ஆர். ரயில்வே அணிக்கு ஆடினார், அதுவே கடைசி வருஷம். அப்பா வந்து இறங்கியதும் அதே வருஷம். ஒரே ஒரு மழைக்காலம் பார்த்திருக்கிறார். அந்த ஒரு வரிக்கு அது போதும்.

18 பிப்ரவரி 2023

பி.கே.யைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை என்று குறைப்பட்டவருக்கு. சரிதான், அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

நான் நேரில் பார்த்த பெரிய ஆட்டம் ஒன்றே ஒன்று. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக். ஆபீஸ் வேலையாகப் போயிருந்தேன். அன்று உள்ளே இருந்தவர்கள் 1,31,781 பேர் என்று கணக்கு. அதில் ஒருவர் என் இடது தோளில் உட்கார்ந்திருந்தார். மோகன் பகானுக்குப் பயிற்சியாளர் அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. அமல் தத்தாவின் வைர வியூகத்தைப் பற்றி ஒரு வாரமாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. பி.கே. வழக்கம்போல வீரர்களுக்கு வாயாலேயே மருந்து கொடுத்தார். 'வோக்கல் டானிக்' என்று அதற்கு அந்த ஊரில் பெயரே உண்டு. முடிவு 4-1. பாய்சுங் பூட்டியாவுக்கு மூன்று கோல். என் பக்கம் தோற்றது.

வெளியே வந்து எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். ஸ்கோரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் "மாணிக்கம் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். மாணிக்கத்துக்கு அப்போது 59 வயது.

9 ஜூன் 2024

ஜகார்த்தா அணியின் பயிற்சியாளர் ரஹீமைப் பற்றி இந்தியில் எடுத்த படம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சினிமாவுக்கு உண்டான மிகை எல்லாம் உண்டு, அதைப் பற்றித் தனியாகச் சண்டை போடுபவர்கள் போடுங்கள். ஆனால் ஜகார்த்தாவில் கூட்டம் நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டது நிஜம். இஸ்ரேலையும் தைவானையும் விட்டதால் இதை ஆசிய விளையாட்டு என்றே சொல்லக்கூடாது என்று நம் நாட்டு விளையாட்டு நிர்வாகி சோந்தி பேசப்போய் வந்த கோபம். அந்த ஸ்டேடியத்தில் நமக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி. தையல் போட்ட தலையோடு ஜர்னைல் முன்களத்தில் ஆடியதும் நிஜம். ரஹீம் அடுத்த வருஷம் ஜூனில் புற்றுநோயால் இறந்தார்.

அம்மா முக்கால்வாசி தூங்கினாள். இறுதி ஆட்டத்துக்கு எழுந்துவிட்டாள்.

"இதுல மாணிக்கம் யாருடா?"

காட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசி விசில் வரை பார்த்தாள். "அவர் கோல் போடவே இல்லையே?"

"ஃபைனல்ல இல்லைம்மா. அன்னிக்கே சொன்னேனே."

"உங்கப்பா இருந்திருந்தா, படமே தப்புன்னு சொல்லியிருப்பார்" என்று எழுந்து போய்விட்டாள்.